சைலன்சர் மாத்தின பைக் பியூசில ஃபெயில் ஆனா: ஸ்லிப்புல இருக்க நம்பர வச்சு எங்க கை வைக்கணும்னு கண்டுபிடிக்கறது

பியூசி, அதாவது வண்டி புகை டெஸ்ட் சர்டிபிகேட் எடுக்க பங்க்குக்கு போறோம், டெஸ்ட் குழாய சைலன்சருக்குள்ள விடுறாங்க, ஒரு நிமிஷம் கழிச்சு "ஃபெயில் காட்டுதுப்பா"ன்னு சொல்றாங்க. உடனே நம்ம பசங்கள்ல முக்காவாசி பேர் ரெண்டுல ஒண்ணு பண்றாங்க. ஒண்ணு ஸ்க்ரூடிரைவர எடுத்து, காத்தையும் பெட்ரோலையும் கலந்து இன்ஜினுக்கு விடற கார்புரேட்டர திருக ஆரம்பிக்கறது, இல்லனா குழாயே விடாம சர்டிபிகேட் போட்டு குடுக்கற ஆள் எங்க இருக்கான்னு தேடி போறது. ரெண்டாவது வழி தயவுசெஞ்சு வேணாம். சென்னை கத்திப்பாரா பக்கம் ஒரு சிக்னல்ல நமக்கு பின்னாடி வந்து நிக்கறது ஒரு அக்காவோட ஸ்கூட்டியா இருக்கும், முன்னாடி குழந்தைய நிக்க வச்சிருப்பாங்க, நம்ம சைலன்சர் வாயில இருந்து வர்றது நேரா அந்த குழந்தை மூஞ்சிக்குதான் போகுது. அத ஒரு தடவ திரும்பி பாத்ததுக்கு அப்புறம் எனக்கு அந்த மாதிரி சர்டிபிகேட் கேக்க மனசு வரல.

முதல் வழியும் தப்புதான், ஏன்னா எது தப்புன்னு தெரியாம ஸ்க்ரூவ தொட்டா இருக்கறதும் கெட்டுப்போகும். மிஷின் குடுக்கற நம்பரே எங்க பிரச்சனைன்னு சொல்லிடும். 2021 ஜூன்ல மத்திய அரசு கொண்டுவந்த மாத்தத்துக்கு அப்புறம் ஃபெயில் ஆன வண்டிக்கு ரிஜெக்ஷன் ஸ்லிப் குடுக்கணும்னு இருக்கு, அத கேட்டு வாங்குங்க, வாயால சொல்றத மட்டும் கேட்டுட்டு வந்துடாதீங்க. ஸ்லிப் இல்லனா குறைஞ்சபட்சம் மிஷின் ஸ்க்ரீன ஒரு போட்டோ எடுத்துக்கோங்க.

முதல்ல என்ன அளக்கறாங்கன்னு தெரிஞ்சுக்கணும்

பெட்ரோல் பைக்குக்கு ஐட்லிங்ல, அதாவது த்ராட்டில் குடுக்காம சும்மா நின்னு ஓடும்போது, ரெண்டே விஷயம்தான் பாஸ் ஃபெயில முடிவு பண்ணுது. சிஓ, அதாவது கார்பன் மோனாக்சைடு, சதவீதத்துல வரும். ஹெச்சி, அதாவது எரியாம வெளிய வர்ற பெட்ரோல், பிபிஎம்ல, அதாவது பத்து லட்சத்துல எத்தன பங்குன்னு வரும். நல்ல மிஷின்ல கூடவே சிஓ2வும் ஆக்சிஜனும் காட்டும், அதுல பாஸ் ஃபெயில் கிடையாது ஆனா நமக்கு அதுதான் பெரிய துப்பு, அதையும் குறிச்சிக்கோங்க.

லிமிட்ட பொறுத்தவரைக்கும், 2000 மார்ச் 31க்கு அப்புறம் வந்த பழைய தலைமுறை 4 ஸ்ட்ரோக் வண்டிக்கு சிஓ 3.5 சதவீதம், ஹெச்சி 4500 பிபிஎம். அதே காலத்து 2 ஸ்ட்ரோக்குக்கு சிஓ 3.5, ஹெச்சி 6000. அதுக்கும் முன்னாடி வந்த வண்டின்னா சிஓ 4.5, ஹெச்சி 9000. 2020 ஏப்ரல்ல இருந்து வந்த பிஎஸ்6, அதாவது பாரத் ஸ்டேஜ் 6 புகை விதிப்படி வந்த வண்டிக்கு லிமிட் இதெல்லாத்தையும் விட ரொம்ப இறுக்கம், உங்க ஸ்லிப்புலயே உங்க வண்டிக்கான அளவு ஒரு வரிசைல அச்சாகி இருக்கும், பக்கத்துல உங்க வண்டியோட ரீடிங் இருக்கும், ரெண்டையும் வச்சு பாருங்க. பக்கத்து வீட்டு பையன் வண்டி 3.0ல பாஸ் ஆச்சு என்னோடது ஏன் ஆகலன்னு கேக்கறதுல அர்த்தம் இல்ல, அவன் வண்டி எந்த வருஷம்னு முதல்ல பாக்கணும்.

இன்னொண்ணு, சத்தத்த இங்க யாரும் அளக்கறதில்ல. அதனால பியூசி பாஸ் ஆயிடுச்சுன்னா சைலன்சர் லீகல்னு அர்த்தம் இல்ல, அத கடைசில சொல்றேன்.

சிஓ மட்டும் ஏறி நிக்குது, ஹெச்சி பரவால்ல

இதுக்கு அர்த்தம் ரிச்சா ஓடுது, காத்து கம்மி பெட்ரோல் ஜாஸ்தி. கார்புரேட்டர் வண்டின்னா முதல்ல செலவில்லாததுல இருந்து ஆரம்பிங்க. ஏர் ஃபில்டர கழட்டி வெளிச்சத்துல தூக்கி பாருங்க, மெட்ரோ வேலை நடக்கற ரோட்டுல தினமும் போய் வர்ற வண்டின்னா ஃபில்டர் சீக்கிரம் மண்ணு பிடிச்சிடும், சர்வீஸ் புக்குல போட்டிருக்க கிலோமீட்டருக்கு காத்திருக்காதீங்க. அப்புறம் சோக் முழுசா திரும்ப வருதான்னு பாருங்க, லிவர் மேல வந்திருக்கும் ஆனா கேபிள் துரு பிடிச்சு உள்ள ப்ளஞ்சர் பாதியிலேயே நின்னுருக்கும், பெசன்ட் நகர் திருவான்மியூர் பக்கம் கடல் காத்துல நிக்கற வண்டில இது சகஜம்.

அது ரெண்டும் ஓகேன்னா, சைலன்சர் மாத்தும்போது கூடவே ஜெட், அதாவது கார்புரேட்டருக்குள்ள பெட்ரோல் வர்ற சின்ன ஓட்டை இருக்க பார்ட், மாத்தினாங்களான்னு யோசிங்க. ஃப்ரீ ஃப்ளோ, அதாவது உள்ள தடுப்பு கம்மியான சைலன்சர் போட்டா ஜெட் பெருசு பண்ணணும்னு எல்லாரும் சொல்றாங்க, அது முழு த்ராட்டில்ல ஓட்டறதுக்கு மெயின் ஜெட் விஷயம். மெயின் ஜெட்டுக்கும் ஐட்லிங்குக்கும் சம்பந்தம் கிட்டத்தட்ட இல்ல. ஐட்லிங்க நடத்தறது பைலட் ஜெட்டும், காத்து பெட்ரோல் கலவைய மாத்தற மிக்ஸர் ஸ்க்ரூவும்தான். யாராவது ஆர்வக்கோளாறுல பைலட் ஜெட்டையும் ஒரு சைஸ் ஏத்திருந்தா பியூசில கண்டிப்பா அடி வாங்குவீங்க, பழைய ஜெட்ட திரும்ப போட்டாலே பாதி பிரச்சனை போயிடும். அதனாலதான் கழட்டின எந்த பார்ட்டையும் கடைல விட்டுட்டு வராதீங்க, ஒரு கவர்ல போட்டு வீட்ல வைங்க, ஒரிஜினல் சைலன்சரும் சேத்துதான்.

எஃப்ஐ, அதாவது கார்புரேட்டர் இல்லாம கம்ப்யூட்டர் கணக்குல பெட்ரோல் அடிக்கற வண்டில சிஓ ஏறினா கதையே வேற. இங்க நிறைய பேர் ஏமாறுறாங்க, அதனால கொஞ்சம் விளக்கமாவே சொல்றேன். இன்ஜின்ல இருந்து சைலன்சருக்கு போற பெண்ட் பைப்ல ஒரு ஓ2 சென்சார் இருக்கும், அது எரிஞ்சு வர்ற புகைல ஆக்சிஜன் எவ்ளோ மிச்சம் இருக்குன்னு பாத்து ஈசியூவுக்கு, அதாவது வண்டியோட கம்ப்யூட்டருக்கு சொல்லும். இப்ப சென்சாருக்கு முன்னாடி, அதாவது இன்ஜின் ஹெட்டுக்கும் சென்சாருக்கும் நடுவுல, ஒரு சின்ன லீக் இருந்தா என்ன ஆகும்? புகை வெளிய போகும்னுதான் நினைப்போம். ஆனா எக்ஸாஸ்ட்ல அழுத்தம் ஒரே மாதிரி இருக்காது, ஒவ்வொரு அடிக்கும் நடுவுல உள்ள வெற்றிடம் மாதிரி ஆகும், அந்த நேரத்துல வெளிக்காத்த உள்ள இழுத்துக்கும். சென்சார் அந்த ஆக்சிஜன பாத்துட்டு "லீனா ஓடுது, பெட்ரோல் பத்தல"ன்னு ஈசியூவுக்கு தகவல் சொல்லும், ஈசியூ நம்பி பெட்ரோல ஏத்தும், சிஓ எகிறும். வண்டில எந்த பார்ட்டும் கெட்டுப்போகல, எர்ரர் லைட்டும் வராது, மைலேஜ் மட்டும் கொஞ்சம் இறங்கி இருக்கும்.

என் தம்பியோட 2021 மாடல் 250ல இதேதான் ஆச்சு. அவன் போட்டது வெறும் ஸ்லிப் ஆன், அதாவது பின்னாடி சைலன்சர் மட்டும், பெண்ட் பைப்பும் புகைய சுத்தம் பண்ற கேட்கானும் ஒரிஜினல் அப்படியே இருக்கு, பாஸ் ஆகியிருக்கணும். சிஓ 1.8 காட்டுது. ரெண்டு கடைல ஈசியூ ப்ரோக்ராம மாத்தி ரீமேப் பண்ணணும்னு பல ஆயிரம் சொன்னாங்க. கடைசில புதுப்பேட்டைல ஒரு பழைய மெக்கானிக் அண்ணன், வண்டிய பாத்ததும் கேட்ட முதல் கேள்வி "தம்பி, சைலன்சர் மாட்டும்போது பெண்ட் பைப்ப லூஸ் பண்ணாங்களா?" ஆமாண்ணா. "கேஸ்கெட் புதுசு போட்டாங்களா?" தெரியலண்ணா. கழட்டி பாத்தா பழைய கேஸ்கெட் வளையத்தையே திரும்ப வச்சு முடுக்கியிருக்காங்க, ஒரு ஓரம் கரி பிடிச்சு கருப்பா இருந்துச்சு. அந்த வளையம் ஒரு தடவ நசுங்கினா அவ்ளோதான், திரும்ப சீல் ஆகாது. புது கேஸ்கெட் போட்டு ரெண்டு நட்டையும் மாத்தி மாத்தி சமமா முடுக்கி, அரை மணி நேரம் ஓட்டிட்டு போனோம், அதே பங்க்ல அதே மிஷின்ல பாஸ். கேஸ்கெட் விலை ஒரு பிரியாணி விலை கூட இல்ல.

லீக் கண்டுபிடிக்க, வண்டி ஆறின நிலைல சோப்பு தண்ணிய ஸ்ப்ரே பாட்டில்ல எடுத்து ஹெட்கிட்ட, வெல்டிங் ஓரத்துல, க்ளாம்ப்ல எல்லாம் அடிங்க, ஸ்டார்ட் பண்ணி ஒரு ஆள் தடிமனான ஈரத்துணியால சைலன்சர் வாய ரெண்டு மூணு செகண்ட் அரைகுறையா அடைக்கட்டும், எங்க நுரை வருதோ அங்க லீக். இன்ஜின் ஆறியிருக்கும்போது மட்டும் பண்ணுங்க, சூடாகிட்டா தண்ணி ஆவியாகிடும் கையும் சுடும். சரி பண்றேன்னு சாதாரண சிலிகான் பேஸ்ட்ட அப்பாதீங்க, சிலிகான் ஆவி ஓ2 சென்சார பாழாக்கிடும், ஒரு கேஸ்கெட் செலவ மிச்சம் பிடிக்க போய் சென்சார் வாங்க வேண்டி வரும்.

சிஓ கம்மி, ஆனா ஹெச்சி வானத்துக்கு போகுது

இது ரிச் இல்ல. பெட்ரோல் எரியாம அப்படியே வெளிய வருது, அதாவது மிஸ்ஸிங். என் சொந்த வண்டில நானே இத வரவச்சேன். 2014 மாடல் 350, கார்புரேட்டர். முதல் தடவ சிஓ 3.9, ஹெச்சி 1800ன்னு வந்துச்சு, சரி ரிச்தானேன்னு மிக்ஸர் ஸ்க்ரூவ நல்லா மூடிட்டு திரும்ப போனேன். சிஓ 0.6, ஹெச்சி 6200. மிக்ஸர் ரொம்ப லீன் ஆனா ஐட்லிங்ல சில தடவ தீயே பிடிக்காது, அந்த மொத்த பெட்ரோலும் சைலன்சர் வழியா வெளிய போயிடும், அதனாலதான் சிஓ இறங்க இறங்க ஹெச்சி ஒரு கட்டத்துக்கு மேல திடீர்னு எகிறுது. சிஓவ சைபருக்கு கொண்டு போறது நம்ம வேலை இல்ல, கேட்கான் இல்லாத பழைய கார்புரேட்டர் வண்டிக்கு நான் 1.5ல இருந்து 2.5க்குள்ள வச்சுக்கறேன், லிமிட்டுக்கும் கீழ, வண்டியும் ஐட்லிங்ல நின்னு ஓடும்.

ஸ்க்ரூ செட் பண்ற முறை: நல்லா சூடு பண்ணுங்க. இப்ப இருக்க இடத்துல இருந்து மெதுவா முழுசா மூடும் வரைக்கும் எத்தன சுத்துன்னு எண்ணி எழுதி வைங்க, அழுத்தி மூடாதீங்க நுனி கெட்டுடும். திரும்ப அதே இடத்துக்கு கொண்டு வந்துட்டு கால் கால் சுத்தா மாத்தி பாருங்க, ஆர்பிஎம் எங்க அதிகமா ஏறுதோ அங்க நிறுத்தி, ஐட்லிங் ஸ்க்ரூவால ஆர்பிஎம்ம கம்பெனி சொன்ன அளவுக்கு இறக்குங்க. ஒரு விஷயம் கவனம், ஸ்க்ரூ இன்ஜின் பக்கம் இருந்தா அது பெட்ரோல் ஸ்க்ரூ, வெளிய திருப்பினா ரிச். ஏர் ஃபில்டர் பக்கம் இருந்தா அது ஏர் ஸ்க்ரூ, வெளிய திருப்பினா லீன். இந்த ஒண்ணு தெரியாம தலைகீழா திருப்பிட்டு நாள் பூரா அல்லாடுறவங்க நிறைய பேர்.

ஸ்க்ரூ சரியா இருந்தும் ஹெச்சி குறையலன்னா ஸ்பார்க் ப்ளக்க கழட்டுங்க, நுனில இருக்க இடைவெளிய அளந்து பாருங்க, ரெண்டு ப்ளக் இருக்க வண்டின்னா ரெண்டுமே அடிக்குதான்னு பாருங்க, ஒண்ணு செத்துருந்தாலும் வண்டி ஓடும் நமக்கு தெரியாது. கார்புரேட்டருக்கும் ஹெட்டுக்கும் நடுவுல இருக்க ரப்பர் மேனிஃபோல்ட்ல வெடிப்பு இருக்கான்னு விரலால மடக்கி பாருங்க, நம்ம ஊர் வெயில்ல அது காஞ்சி போயிடும். டாப்பெட் ரொம்ப டைட்டா இருந்தா எக்ஸாஸ்ட் வால்வு முழுசா மூடாது, அதுலயும் ஹெச்சி ஏறும். நீலமா புகை வந்தா ஆயில் எரியுது, அது ரிங் இல்லனா வால்வு சீல் வேலை, சைலன்சர குத்தம் சொல்லி பிரயோஜனம் இல்ல.

இப்ப பங்க்ல வர்ற பெட்ரோல்ல 20 சதவீதம் எத்தனால், அதுலயே ஆக்சிஜன் இருக்கு, அதனால அதே ஜெட்டு அதே ஸ்க்ரூல பழைய கார்புரேட்டர் வண்டி முன்ன விட லீனா ஓடும். எஃப்ஐ வண்டி தானா சரி பண்ணிக்கும், கார்புரேட்டருக்கு அந்த அறிவு இல்ல. சில வருஷம் முன்னாடி செட் பண்ணி நல்லா ஓடிட்டு இருந்த வண்டி இப்ப ஹெச்சில ஃபெயில் ஆகுதுன்னா இதையும் கணக்குல எடுங்க.

ரெண்டுமே ஏறி நிக்குது

பிஎஸ்4, பிஎஸ்6 வண்டில சிஓவும் ஹெச்சியும் சேந்து ஏறினா முதல் சந்தேகம் கேட்கான் மேலதான். ஃபுல் சிஸ்டம், அதாவது பெண்ட் பைப்போட சேத்து மொத்தமும் மாத்தி போட்டவங்க நேர்மையா பதில் சொல்லுங்க, ஒரிஜினல் பெண்ட் பைப் போச்சுன்னா அதுல இருந்த கேட்கானும் போச்சு. சில மாடல்ல கேட்கான் சைலன்சர் உள்ளயே இருக்கும், அங்க ஸ்லிப் ஆன் போட்டாலே போச்சு. வாங்கறதுக்கு முன்னாடி ஒரிஜினல் பைப்ப டார்ச் அடிச்சு உள்ள பாருங்க, தேன்கூடு மாதிரி ஓட்ட ஓட்டயா ஒரு உருளை தெரிஞ்சா அதுதான்.

கேட்கான் இல்லாத பிஎஸ்6 வண்டிய ட்யூனிங் பண்ணியே லிமிட்டுக்குள்ள கொண்டு வந்துடலாம்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. மிக்ஸர் கச்சிதமா இருந்தாலும் இன்ஜின விட்டு வெளிய வர்ற புகைல சிஓவும் ஹெச்சியும் இருக்கத்தான் செய்யும், அத சுத்தம் பண்றதுக்குத்தான் கேட்கானே வச்சிருக்காங்க. ஒரிஜினல் பெண்ட் பைப்ப திரும்ப போட்டு ஸ்லிப் ஆனோட நிறுத்திக்கறதுதான் வழி. டெஸ்ட்டுக்கு மட்டும் ஒரிஜினல போட்டுட்டு மறுநாள் கழட்டறவங்கள பத்தி எனக்கு தெரியும், அதுக்கு நான் வழி சொல்ல போறதில்ல.

கார்புரேட்டரோட கேட்கான் இருக்க வண்டில ஒரு முக்கியமான கூட்டாளி இருக்கு, எஸ்ஏஐ. ஏர் பாக்ஸ்ல இருந்து ஒரு ரப்பர் குழாய் ஒரு ரீட் வால்வு வழியா எக்ஸாஸ்ட் போர்ட்டுக்கு போகும், புது காத்த உள்ள விடும், அந்த காத்து இருந்தாதான் அங்க இருக்க கேட்கான் சிஓவையும் ஹெச்சியையும் எரிக்க முடியும். சைலன்சர் மாத்தினதும் த்ராட்டில விட்டா பட பட பட்னு வெடிக்குதுன்னு இந்த குழாய ஒரு போல்ட்ட சொருகி அடைச்சிடறாங்க. சத்தம் நிக்கும், கேட்கான் இருந்தும் இல்லாத மாதிரிதான். வெடிக்கறதுக்கு காரணம் பெரும்பாலும் பெண்ட் பைப் கேஸ்கெட் லீக், இல்லனா ஐட்லிங் ரொம்ப லீன். அத சரி பண்ணிட்டு போல்ட்ட கழட்டி குழாய பழையபடி மாட்டுங்க.

ஃபுல் சிஸ்டம் போட்டதுல இருந்து இன்ஜின் லைட் எரியுது

புது பைப்ல ஓ2 சென்சார் மாட்ட இடமே இல்லாம வந்திருக்கும், சென்சார ஃப்ரேம்ல டேக் போட்டு கட்டி தொங்க விட்டிருப்பாங்க. இல்லனா சென்சாருக்கு பதிலா ஒரு சின்ன பிளக் மாட்டி லைட்ட அணைச்சிருப்பாங்க, அது ஈசியூவ ஏமாத்தற சமாச்சாரம், பியூசில தெரிஞ்சிடும். லேத் கடைல சென்சார் மாட்ட மரை இருக்க ஒரு போஸ் கடைஞ்சு ஆர்கான் வெல்டிங்ல வைக்கணும். மரைய அளந்துட்டு பண்ண சொல்லுங்க, பைக்ல 12 எம்எம்மும் வருது 18 எம்எம்மும் வருது.

இடம் ரொம்ப முக்கியம். நிறைய சின்ன பைக்ல சென்சாருக்குள்ள ஹீட்டர் கிடையாது, ஒரு ஒயர் மட்டும் வர்றதுன்னா பெரும்பாலும் அந்த வகைதான். அது எக்ஸாஸ்ட் சூட்டுலயே சூடாகணும். ஒரிஜினல்ல ஹெட்ல இருந்து எவ்ளோ தூரத்துல இருந்துச்சோ அதே தூரத்துல வைங்க, வசதியா இருக்குன்னு கீழ பின்னாடி தள்ளி வச்சா ஐட்லிங்ல ஆறிடும், ஈசியூ அத நம்பாம சொந்த கணக்குல பெட்ரோல் விடும். சென்சாரோட ஒயர் பக்கம் மேல பாத்த மாதிரி சாய்வா நிக்கணும், கீழ தொங்கினா பைப்ல சேர்ற தண்ணி அதுல போய் நிக்கும், சீக்கிரம் விரிசல் விட்டுடும். லைட் அணைஞ்சதும் எர்ரர் கோட அழிச்சிட்டு ஒரு ரெண்டு நாள் ஓட்டிட்டு அப்புறம் டெஸ்ட்டுக்கு போங்க.

ரீடிங் நிக்க மாட்டேங்குது, இல்லனா சிஓ2 ரொம்ப கம்மி, ஆக்சிஜன் ஜாஸ்தி

இதுல வண்டிய விட டெஸ்ட்லதான் கோளாறு இருக்க வாய்ப்பு அதிகம். டெஸ்ட் குழாய் குறைஞ்சது 300 எம்எம் உள்ள போகணும், ஒரு ஸ்கேல் நீளம். குட்டை சைலன்சர்லயும் உள்ள சத்தத்த குறைக்கற டிபி கில்லர் இருக்கறதுலயும் நாலு விரல் அளவுக்கு மேல போகாது, ஒத்த சிலிண்டர் வண்டி ஐட்லிங்ல வாய் வழியாவே வெளிக்காத்த உள்ள இழுக்கும், மிஷின் அந்த காத்த கலந்துதான் அளக்கும். சில பேர் இது நமக்கு நல்லதுதானே ரீடிங் குறையும்லன்னு நினைக்கறாங்க, ஆனா நிலையில்லாம மேலயும் கீழயும் ஆடும், மிஷின் ஏத்துக்காது. குழாய் போகலன்னா சைலன்சர் வாய்க்கு ஒரு எக்ஸ்டென்ஷன் பைப் மாட்டி அளக்கறதுதான் முறை, ஆபரேட்டர்கிட்ட "அண்ணா, எக்ஸ்டென்ஷன் பைப் இருந்தா போட்டு பாருங்களேன்"னு கேளுங்க, மரியாதையா கேட்டா யாரும் முறைக்க மாட்டாங்க.

கூடவே இன்னொண்ணும் கவனிங்க. உங்க வண்டில குழாய விடறதுக்கு முன்னாடி, வெறும் காத்துல மிஷின் ஹெச்சி எவ்ளோ காட்டுது? முன்னாடி வந்த புகை கக்கற ஆட்டோவோட மிச்சம் குழாய்லயே ஒட்டியிருந்தா உங்க கணக்குல சேரும். சைபர் கிட்ட வர்ற வரைக்கும் பொறுக்க சொல்லுங்க. எஸ்ஏஐ இருக்க வண்டில ஆக்சிஜன் கொஞ்சம் ஜாஸ்தியா காட்டறது சாதாரணம், அத லீக்னு நினைச்சு அலைய வேணாம்.

காலைல பாஸ், சாயங்காலம் ஃபெயில்

சூடு. கேட்கான் 250, 300 டிகிரிக்கு மேல சூடானாதான் வேலையே செய்ய ஆரம்பிக்கும். வீட்ல இருந்து தெருமுனை பங்க்குக்கு ரெண்டு நிமிஷத்துல போய் நின்னா அது சும்மா ஒரு இரும்பு. 15, 20 நிமிஷம் நல்லா ஓட்டிட்டு போங்க, க்யூ இருந்தா உங்க முறை வர்றதுக்கு முன்னாடி திரும்ப ஒரு ரவுண்டு போய்ட்டு வாங்க. புது சைலன்சர் மாட்டின அன்னைக்கே போகாதீங்க, உள்ள இருக்க ஆயிலும், சத்தத்த உறிஞ்சற க்ளாஸ் வூல் பசையும் எரிஞ்சு தீர ஒரு நூறு கிலோமீட்டராவது ஆகும், அதுவரைக்கும் ஹெச்சி ஏத்தி காட்டும்.

மழைக்கு அப்புறம் ஃபெயில் ஆகுது, உள்ள கலகலன்னு சத்தம்

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலப்போ வேளச்சேரி, முடிச்சூர் பக்கம் எவ்ளோ வண்டி தண்ணிக்குள்ள நின்னுச்சுன்னு நமக்கு தெரியும். சூடான பைப் திடீர்னு தண்ணில முங்கினா கேட்கானோட செராமிக் வெடிச்சு துண்டாகலாம், அந்த துண்டுதான் கலகலன்னு சத்தம் குடுக்கறது. ரப்பர் சுத்தியலால லேசா தட்டி பாருங்க. உடைஞ்சிருந்தா மாத்தறத தவிர வேற வழி இல்ல. ஃப்ரீ ஃப்ளோ உள்ள இருக்க க்ளாஸ் வூல் தண்ணிய குடிச்சிருந்தா ரெண்டு நாள் நல்லா ஓட்டி காய வைங்க, இல்லனா பேக்கிங் மாத்துங்க.

ஆர்எக்ஸ் 100 வச்சிருக்கவங்களுக்கு

இது மாதிரி 2 ஸ்ட்ரோக்ல ஹெச்சி ஏறும், அது பிறவிக் குணம், உள்ள வர்ற புது மிக்ஸர்ல ஒரு பகுதி எரியாமலே எக்ஸாஸ்ட் போர்ட் வழியா வெளிய ஓடிடும். எக்ஸ்பான்ஷன் சேம்பர், அதாவது நடுவுல வயிறு பெருத்த எக்ஸாஸ்ட் பைப், அந்த ஓடிப்போறத அலையால திருப்பி உள்ள தள்ளும், ஆனா மேல் ஆர்பிஎம்லதான், ஐட்லிங்ல அந்த உதவி கிடைக்காது. அதனாலதான் சேம்பர் போட்ட வண்டி ரோட்ல பறந்தாலும் மிஷின் முன்னாடி தடுமாறுது. ஆயில் பம்ப் செட்டிங் சரியா இருக்கான்னு பாருங்க, உள் குழாய கழட்டி கரிய சுத்தம் பண்ணுங்க, ப்ளக் புதுசு போடுங்க, அப்பவும் ஏறினா க்ராங்க் சீல பாக்கணும். வண்டி மேல பாசம் இருக்கறவங்க ஒரிஜினல் சைலன்சர்லயே வச்சிக்கறதுதான் எனக்கு சரின்னு படுது.

பியூசி பாஸ், ஆனாலும் போலீஸ் நிறுத்திட்டாங்க

சர்டிபிகேட்ட காட்டி வாக்குவாதம் பண்ணாதீங்க, ரெண்டும் வேற வேற. 175 சிசிக்கு மேல உள்ள டூவீலர் கம்பெனில இருந்து வரும்போது வண்டிய ஓட்டி அளக்கற சோதனைல சத்தம் 80 டெசிபலுக்குள்ள இருக்கணும், 80ல இருந்து 175 சிசி வரைக்கும் 77. டிபி கில்லர கழட்டி எறிஞ்ச சைலன்சர் இத தாண்டிடும்னு காதே சொல்லும். மோட்டார் வாகன சட்டம் 190(2)ல காத்து மாசும் சத்தமும் ஒண்ணாதான் வருது, 2019 திருத்தத்துக்கு அப்புறம் முதல் தடவைக்கே 10,000 ரூபாய் வரைக்கும் அபராதம், மூணு மாசம் வரைக்கும் ஜெயில், லைசன்ஸும் மூணு மாசம் போகும்னு இருக்கு. அது தவிர வண்டிய அனுமதி இல்லாம மாத்தினதுக்கு 182ஏல தனியா, ஒரு மாத்தத்துக்கு 5,000. டிபி கில்லர உள்ளயே போல்ட் போட்டு வைங்க, ராத்திரி ஆஸ்பத்திரி இருக்க தெருவுல போகும்போது அதோட அருமை தெரியும்.

சர்டிபிகேட் வாங்கினதும் அங்கயே நின்னு ரெண்டு விஷயம் பாருங்க. வண்டி நம்பர், பிஎஸ் எத்தனைங்கறது சரியா இருக்கா. தேதி சரியா இருக்கா, பிஎஸ்4க்கும் அதுக்கு மேலயும் ஒரு வருஷம், அதுக்கு முந்தின வண்டிக்கு ஆறு மாசம். பிஎஸ்4 வண்டிய தப்பா பழைய கணக்குல போட்டு ஆறு மாசம் குடுத்துட்டாங்கன்னா அங்கயே சொல்லி மாத்திக்கோங்க, வீட்டுக்கு வந்துட்டா திரும்ப அலையணும். ஸ்லிப்ப தூக்கி போடாம அந்த ஜெட் கவர்லயே வைங்க, அடுத்த தடவ ரீடிங் எவ்ளோ நகர்ந்திருக்குன்னு பாக்க அதுதான் கணக்கு.